சோப்பு வைத்த இடம்

இதில் எதை நான் கண்ணால் பார்த்தேன், எதைச் சிந்துஜா சொல்லக் கேட்டுப் பிறகு பார்த்ததாக நினைத்துக்கொண்டேன் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெட்ரோல் வாசனை மட்டும் நிச்சயம். அது என் ஞாபகம்தான்.

சிந்துஜா என் தங்கை. அவள் கணவர் அன்பரசு, கடலூரில் தேவனாம்பட்டினம் போகிற சாலையில் இருந்த அவர்கள் வீட்டில், மாசி மாதம் தூக்கத்திலேயே இறந்துபோனார். அவர் விட்டுப்போனவற்றில் ஓர் அம்பாசடர் காரும் உண்டு. அவருடைய அப்பா காலத்து வண்டி. பெட்ரோல் டேங்க்கின் அடியில், இரண்டு தகடுகள் சேரும் ஓரத்தில், குண்டூசி அளவு ஓட்டை. அன்பரசு அதை ஒட்டவும் இல்லை, டேங்க்கை மாற்றவும் இல்லை. தினமும் காலையில் பல் துலக்கியதும் காருக்கு அடியில் படுத்து, துணிச் சோப்புத் துண்டு ஒன்றை நனைத்துக் குழைத்து, ஓட்டையின் மேல் பெருவிரலால் அழுத்திவிடுவார். பழைய டிரைவர்களுக்கெல்லாம் தெரிந்த வைத்தியம். சோப்பைப் பெட்ரோல் கரைக்காது. ஆனால் காய்ந்து விரிசல் விட்டுவிடும். மறுநாள் மறுபடி வைக்க வேண்டும்.

"பொண்டாட்டிக்கு அடுத்தபடி தெனம் தொடுறது இததான் மச்சான்" என்று சிரிப்பார். அவர் பெருவிரலில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. சோப்பில் அதுவும் பதியும்.

சிந்துஜாவுக்குச் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. ஜூனில் சேர வேண்டும். வாடகைக்கு வீடும் பார்த்தாகிவிட்டது. போக மாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் என்னைக் கார் ஷெட்டுக்குக் கூட்டிப்போனாள்.

"குனிஞ்சு பாருண்ணே."

சோப்பு. ஈரம் காயவில்லை. நடுவில் விரல் பதிந்த குழி. குழியின் குறுக்கே ஒரு கோடு.

"தெனம் வராரு," என்றாள்.

அவள் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. உடம்பு பாதியாகியிருந்தாள். ஷெட்டிலேயே பாய் போட்டுப் படுக்கிறாள். அந்தப் பெட்ரோல் வாசனையில் சோறு இறங்குவதில்லை. இப்படியே விட்டால் இவளையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அவளேதான் வைக்கிறாள் என்று ஒரு சந்தேகம். வீட்டிலிருந்த சோப்பையெல்லாம் வெளியே போட்டேன். ஷெட்டைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். காலையில் திறந்து பார்த்தால் சோப்பு இருந்தது.

"டேங்க்க மாத்திடலாம் சிந்து. அப்புறம் அதுலயே ஏறி சிதம்பரம் போவலாம்."

"ஓட்டை இல்லன்னா அவுரு எதுக்குண்ணே வருவாரு?"

வெயில் ஷெட்டுக்குள் வந்து, காரின் பின் சக்கரம் வரை ஏறியது. சோப்பையும் மீறி ஒரு சொட்டு விழுந்தது.

அவள் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் வண்டியை எடுத்தேன். மறித்து நிற்பாள் என்று எதிர்பார்த்தேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் பள்ளித் தோழன் வைத்திலிங்கம் பட்டறை வைத்திருக்கிறான். காருக்கு அடியில் போனவன் அங்கிருந்தே திட்டினான்.

"யோவ் அந்தோணி, இது டேங்க்கா, குளிக்கிற ரூமா? ஒரு வருஷத்து சோப்பு இருக்குய்யா இங்க."

"மாத்திடு."

"மாத்தாம, மடியில வச்சு கொஞ்சவா போறேன்? சேத்தியாத்தோப்புல ஒருத்தன் பழைய அம்பாசடர பிரிச்சு ஒடைச்சான். அந்த டேங்க் நம்மகிட்டதான் கெடக்கு. சும்மா புதுப்பொண்ணு மாதிரி இருக்கும்."

அதில் தண்ணீர் நிரப்பி, இரண்டு ஸ்டூல்களின் மேல் தூக்கிவைத்து, கீழே செய்தித்தாளை விரித்தான். மத்தியானம் வரை தாளில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. உலர்த்தி வண்டியில் மாட்டினான். பெட்ரோல் ஊற்றினோம். அன்று அவன் வீட்டிலேயே தங்கினேன். பட்டறைச் சாவி அவனிடம் இருந்தது. சிந்துஜா கடலூரில் இருந்தாள்.

காலையில் எனக்கு முன்னால் பட்டறைக்குள் போனவன் கத்தினான்.

"அந்தோணி! என் வேலை மேல நம்பிக்கை இல்லன்னா வாயால சொல்லுய்யா. நல்ல டேங்க்ல எதுக்கு சோப்ப அப்பி வச்சிருக்க?"

குனிந்து பார்த்தேன். அதே இடம். குழி. கோடு.

"என்ன, அடிச்சு வச்ச மாதிரி நிக்கிற?" என்றபடி துணியால் துடைத்தான். துடைத்த இடத்தில் ஒரு துளி திரண்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. வைத்திலிங்கம் விரலால் தடவிப் பார்த்தான். துருவே இல்லாத தகட்டில் குண்டூசி அளவு ஓட்டை. அதன் பிறகு அவன் கேலி பேசவில்லை.

ஓட்டை இருப்பதால் அன்பரசு வருகிறார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன். இதை அவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. "அங்கயும் வந்தாரா?"

"அது நல்ல டேங்க், சிந்து. தண்ணி ஊத்தி வச்சுப் பாத்தோம். ஓட்டையே கெடையாது. அவுரு கை வச்சப்புறம்தான் ஓட்டை."

அவள் என்னையே பார்த்தாள். அன்று முழுவதும் ஷெட்டுப் பக்கமே போகவில்லை.

அன்றிரவு நானும் அங்கேயே தங்கினேன். மறுநாள் காலை அடுப்படியிலிருந்து "அண்ணே" என்று கூப்பிட்டாள். உரக்கக்கூட இல்லை. நான் எழுந்து போவதற்குள் கேஸ் வாசனை முகத்தில் அடித்தது. ரெகுலேட்டரை மூடிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் குழாய் போன மாதம் மாற்றியது. அதன் நடுவில் ஓர் ஓட்டை. பக்கத்தில் ஈரச் சோப்பு, விரல் பதிந்து. இந்த முறை ஓட்டையை அது சரியாக மூடவில்லை.

அவள் கையில் லைட்டர் இருந்தது.

"டீ போடலாம்னு பத்த வைக்கப் போனேன்," என்றாள். "அப்பதான் வாசன வந்துச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். குனிந்து குழாயைப் பார்த்தாள். வெளியே மீன் வண்டி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகு, பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவது போலக் கேட்டாள்.

"தொணைக்கு ஆள் வேணுமா உங்களுக்கு?"

பதிலுக்குக் காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

"நான் வரலங்க," என்றாள். "எனக்கு ஜூன்ல ஸ்கூல் தொறக்குது."

லைட்டரை மேடையில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் புடவைகளை மடித்து எடுத்துவைக்க ஆரம்பித்தாள்.

சிந்துஜா இப்போது சிதம்பரத்தில் ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். கரண்ட் அடுப்பில் சமைக்கிறாள், உடம்பு தேறிவிட்டாள். வைத்திலிங்கம் காரைப் பிரித்து விற்றுவிட்டான். கடலூர் வீட்டை மீன் வியாபாரி ஒருவர் வாங்கி, குடிவராமல், ஐஸ் பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கிறார். நான் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டில் இருக்கிறேன். அன்பரசு கல்லறைத் தோட்டத்தில், அவருடைய அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார்.