மாணவிக்கு ஒரு லேப்டாப்

என் மனைவி சியூலுவான் ஐம்பத்து நான்கு வயதில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். சமூகப்பணித் துறை, மாலை வகுப்பு, நான்கு வருடப் படிப்பு. சேர்ந்த பிறகுதான் எனக்கே சொன்னாள். வகுப்பு தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. கட்டுரை எல்லாவற்றையும் கணினியில்தான் எழுதித் தரவேண்டுமாம். அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் டாக்சியிலேயே தைபேயில் கணினிக் கடைகள் நிறைந்த குவாங்ஹுவா மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம்.

லேப்டாப் அவளுக்குப் புதிதல்ல. தாவ்யுவானில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் லேப்டாப் சோதித்தவள். வரிசையில் வந்து நிற்கும் ஒவ்வொரு மெஷினிலும் இடது கோடியிலிருந்து வலது கோடிவரை எல்லா விசையையும் ஒருமுறை அழுத்த வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் அடுத்தது. லட்சக்கணக்கில் அழுத்தியிருப்பாள், ஒரு வார்த்தைகூட எழுதியதில்லை. தொழிற்சாலையை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதும் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேதான் இந்தப் படிப்பு ஆசை பிடித்துக்கொண்டது.

எனக்கு இதில் சந்தோஷமா என்றால், இல்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்பதாவதோடு நின்றவன். டாக்சி ஸ்டாண்டிலும் சொந்தக்காரர்களிடமும் "பாட்டு கிளாஸ் போறா" என்று சொல்லி வைத்திருந்தேன். அது அவள் காதுக்கும் போயிற்று. அவள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் அதோடு விட்டுவிட்டேன்.

காரில் ஏறியதிலிருந்தே அவளுக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. அது பேய்கள் ஊருக்குள் உலவுவதாக நாங்கள் நம்பும் மாதம், புதிதாக எதுவும் வாங்க மாட்டோம்.

"பேய் மாசத்துல போய் புதுசா ஒண்ணு வாங்கறதா? முடியட்டுமே, அப்புறம் பாத்துக்கலாம்."

"பேய் மாசம் முடியறதுக்குள்ள கிளாஸ் ஆரம்பிச்சுடும். பேயிங்களுக்குப் பிஸ்கட்டும் பீரும் படைச்சா போதும், லேப்டாப்பெல்லாம் கேக்காதுங்க."

"உனக்கு எல்லாமே விளையாட்டு," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்க்கெட்டின் மூன்றாவது மாடியில் கூட்டமில்லை. நாங்கள் நுழைந்த கடையில் காவ் என்ற பெண் இருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், வெடுக்கென்று பேசுகிறவள். சியூலுவான் அவளிடம் ஒன்றும் கேட்காமல் மெஷின்களைச் சோதிக்க ஆரம்பித்தாள். ஒரே விரலால் மூடியைத் திறப்பாள், அடிப்பாகம் கூடவே எழும்புகிறதா என்று பார்ப்பாள். ஓரத்து இடுக்கில் நகத்தை ஓட்டுவாள். கவிழ்த்து ஸ்க்ரூ எண்ணுவாள். காவ் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"அக்கா, எந்த ஃபேக்டரியில இருந்தீங்க? கையப் பாத்தாலே தெரியுதே!" என்று சிரித்தாள். "யாருக்கு வாங்கறீங்க? பையனுக்கா, பொண்ணுக்கா?"

சியூலுவான் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"பொண்ணுக்கு. காலேஜ் சேர்ந்திருக்கா," என்றாள்.

எங்களுக்குப் பெண்ணே கிடையாது. இரண்டும் பையன்கள், இரண்டு பேருக்கும் கல்யாணமும் ஆகிவிட்டது. நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி நின்றேன்.

காவ் உள்ளேயிருந்து வெள்ளி நிறத்தில் மெல்லிசாக ஒன்றை எடுத்து வந்தாள். "வெளிநாட்டு சரக்கு. காலேஜ் பொண்ணுங்க இதுக்குத்தான் அடிச்சுக்குதுங்க. காபி கடை மேசையில வச்சா அதுவே ஒரு கெத்து."

சியூலுவானின் விரல் விசைகளுக்கு மேலே தயங்கியது. எல்லாம் ஆங்கில எழுத்து. "சுயின் எழுத்து போடலையே இதுல," என்றாள். சுயின் என்பது சீனச் சொற்களை ஒலிப்படி அடிக்க உதவும் குறிகள்; அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்கு அடிக்கத் தெரியும். எங்கள் வயதில் யாருக்கும் அப்படித்தான்.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க விசையப் பாத்தா அடிக்குதுங்க? உங்க பொண்ணுக்குக் கண்ண மூடினாலும் வரும்."

"ஆமா, அவளுக்கு வரும்."

"ஸ்க்ரீன் கொஞ்சம் சின்னது. அதனால என்ன, கண்ணு நல்லா இருக்கற வயசு."

"ஆமா. அவளுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

இல்லாத மகள் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரியாக வளர்ந்துகொண்டிருந்தாள். சியூலுவான் பர்ஸைத் திறந்து, "இதையே குடுத்துடுங்க," என்றாள். உபயோகப்படாது என்று தெரிந்தே வாங்குகிறாள்!

"மாணவர் சலுகை இருக்கு, அக்கா, விலை நல்லாக் குறையும். ஆனா பொண்ணு காலேஜ் கடிதத்தோட நேர்ல வரணும்."

பர்ஸ் மூடிக்கொண்டது. "அவளுக்கு நேரமில்ல. அப்புறம் வர்றோம்."

விறுவிறுவென்று நடந்தவள் மாடிப்படி ஓரத்தில் போய்த்தான் நின்றாள்.

"நான் விட்டுடறேன்," என்றாள்.

"எத?"

"காலேஜத்தான். பேர எடுத்துடச் சொல்லிடறேன்."

"ஒரு லேப்டாப் வாங்கலன்னா..."

"லேப்டாப்பா பிரச்சினை? முன்ன பின்ன தெரியாத ஒரு கடைக்காரிகிட்ட, நான்தான் படிக்கப் போறேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பதினெட்டு வயசுப் பிள்ளைங்க நடுவுல போய் எப்படி உக்காருவேன்?"

அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அவள் அழவில்லை.

"அவ ஒண்ணும் சிரிச்சிருக்க மாட்டா," என்றேன்.

"நீ பாட்டு கிளாஸ்னு சொன்னியே. முப்பது வருஷம் கூட இருந்தவனே மறைக்கறான்னா, இது மறைக்க வேண்டிய சமாச்சாரம்தான் போலிருக்குன்னு நெனச்சேன், கிழட்டுக் குரங்கே."

தினமும் பத்துத் தடவையாவது என்னைக் கிழட்டுக் குரங்கே என்று கூப்பிடுவாள். அதில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். அன்றைக்கு இல்லை. எனக்குச் சுருக்கென்றது, வெட்கமாகவும் இருந்தது.

"பயமா இருந்துச்சு," என்றேன்.

"எதுக்கு?"

"நீ படிச்சுட்டு வந்து பேசினா, எனக்குப் புரியாமப் போயிடுமோன்னு."

"இப்ப மட்டும் நான் பேசறது உனக்குப் புரியுதாக்கும்," என்றாள்.

அவள் கையைப் பிடித்துக் கடைக்கே திரும்ப அழைத்துப்போனேன். காவ் நிமிர்ந்து பார்ப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"எங்களுக்குப் பொண்ணே கிடையாதும்மா. படிக்கப் போறது இவதான்."

காவ் சிரிக்கவில்லை, பாராட்டவும் இல்லை. கோபம்தான் வந்தது அவளுக்கு. வெள்ளி மெஷினை வெடுக்கென்று இழுத்து மூடினாள்.

"என்ன அக்கா நீங்க! மொதல்லயே சொல்ல வேண்டாமா? தப்பான மெஷினைத் தலையில கட்டியிருப்பேன். நாளைக்கு நீங்கதான் அதத் தூக்கிக்கிட்டு வந்து என்கிட்ட சண்டைக்கு நிப்பீங்க. உக்காருங்க. எந்தத் துறை?"

"சமூகப்பணி."

"சத்தமா சொல்லுங்க, அக்கா. பஸ்ஸா, மெட்ரோவா?"

"மெட்ரோ. ரெண்டு தடவ மாறணும்."

"படிக்கறப்ப கண்ணாடி போடுவீங்களா?"

"போடாம ஒண்ணும் தெரியாது." மூன்றாவது கேள்வியிலேயே சியூலுவானின் முதுகு நிமிர்ந்துவிட்டது. "அப்புறம், வயசானவங்களப் பேட்டி எடுத்து அங்கேயே உக்காந்து எழுதணும். எல்லா எடத்துலயும் பிளக் பாயிண்ட் இருக்காது. சார்ஜ் சாயங்காலம் வரைக்கும் நிக்கணும்."

இதையெல்லாம் அவள் எப்போது யோசித்தாள்? அடுத்த ஆண்டு எழுதப்போகும் கட்டுரையே மனதுக்குள் தயாராக இருந்திருக்கிறது. வீட்டில் ஒருவன் கேட்டிருந்தால் அவனிடம் சொல்லியிருப்பாள்.

காவ் சாம்பல் நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்தாள். கொஞ்சம் கனம், பெரிய திரை, விசைகளில் சுயின் பளிச்சென்று இருந்தது. சியூலுவான் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "மெஷின் சரிதான். இந்தப் பீஸ்ல கீல் தளர்ச்சியா இருக்கு, வேற எடுங்க," என்றாள். காவ் முணுமுணுத்துக்கொண்டே வேறு எடுத்து வந்தாள். அதன் கீல் சரியாக இருந்தது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மாணவர் சலுகை ஒண்ணு!" என்று கடையின் மறுகோடியில் இருந்த பில் மேசையைப் பார்த்துக் காவ் கத்தினாள்.

பில் போடுகிறவன் தலையைத் தூக்கினான். எங்களைப் பார்த்தான். எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்தான்.

"மாணவர் யாருங்க?"

நான் பேச வாயெடுத்தேன். சியூலுவான் என் காலை ஒரு மிதி மிதித்துவிட்டு, வலது கையை நேராகத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"நான்!"

பக்கத்துக் கடைவரை கேட்டிருக்கும். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அவளைப் பார்த்துத் தலையாட்டும்வரை அவள் கையை இறக்கவில்லை.