நூறு சதவீதம்

ஆங்கிலத் துறைத் தலைவருக்கு முனைவர் பட்டம் கிடைத்த நாளிலிருந்து பள்ளியில் எல்லோருக்கும் அவர் 'டாக்டர்'தான். காய்ச்சல் என்று போனால் மாத்திரை தரமாட்டார், கேள்வித்தாள்தான் தருவார். அப்படி ஆங்கில ஆசிரியர்களிடம் தந்து, நிரப்பி வாங்கிய கேள்வித்தாளை வைத்து, எந்தப் படிப்புக்கு எவ்வளவு ஆராய்ச்சித் திறன் என்று ஓர் அறிக்கை எழுதி, ஆசிரியர் அறையில் தலைமையாசிரியை முன்னால் வாசித்துக்கொண்டிருந்தார்.

"பி.எச்டி. முடிச்சவங்கள்ல நூறு சதவீதம் பேரு உயர்தரம். எம்.ஏ. நடுத்தரம். பி.ஏ. நூறு சதவீதம் பேரு தாழ்ந்த தரம். அதனால பி.ஏ. மட்டும் படிச்சவங்க நம்ம கடைசி வகுப்பான பத்தாம் வகுப்பை எடுக்க வேண்டாம்னு பரிந்துரைக்கிறேன்."

கடைசி வகுப்பை ஒன்பது வருடமாக எடுப்பவள் 'தப்பு நோட்டு' டீச்சர். பிள்ளைகளின் பிழைகளை ஒரு நீள நோட்டில் குறித்துவைப்பதால் வந்த பெயர் அது. அந்த வகுப்பும் போனால் அவளுக்குப் பள்ளியில் மிச்சம் என்ன இருக்கிறது? எழுந்தாள்.

"சார், இங்க பி.ஏ. எத்தனை பேரு?"

டாக்டர் தாளைப் புரட்டினார். "ஒருத்தர்."

"பி.எச்டி.?"

"அதுவும் ஒருத்தர்தான்."

"அப்போ அந்த நூறு நீங்க, இந்த நூறு நான். இதுக்கு எதுக்கு சார் சதவீதம்? பேரையே எழுதியிருக்கலாமே!"

எம்.ஏ. ஆறு பேரும் குனிந்துகொண்டு சிரித்தார்கள். பாவம், நடுத்தரமாகத்தான் சிரிக்க முடிந்தது.

டாக்டர் விடவில்லை. "ஏழாவது கேள்வி, 'தரவு சேகரிப்பதுண்டா?' நீங்களே 'இல்லை'னு டிக் போட்டிருக்கீங்க."

போட்டிருந்தாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். தரவு என்றால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஏதோ பெரிய சமாச்சாரம் என்று நினைத்துவிட்டாள். வெட்கம் வந்தது. கோபம் அதைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. நோட்டைத் தலைமையாசிரியை முன் விரித்தாள்.

"'டிட்' போட்ட பிறகும் 'கோ'ன்னு எழுதாம 'வென்ட்'னு எழுதுறாங்க மேடம். முதல் வருஷம் நாற்பதுல முப்பத்தொரு பேரு. விதியை நூறு தடவை எழுத வச்சேன். அடுத்த வருஷம் முப்பத்து மூணு! தப்பு என்னோடதுன்னு குறிச்சிருக்கேன், பாருங்க. அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்டுப் பேச வச்சேன். போன வருஷம் ஒன்பது."

தலைமையாசிரியை நிமிர்ந்தார். "டாக்டர், உங்க வகுப்புல எத்தனை பேரு அப்படி எழுதுறாங்க?"

"அதை... இன்னும் ஆராயல, மேடம்."

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தாள். நோட்டில் அன்றைய தேதி போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"தன் வேலைக்கு என்ன பேருன்னு தெரியாம 'இல்லை' போட்டது, ஒருத்தர். ஒரே ஆளை வச்சு சதவீதம் போட்டது, ஒருத்தர்."

மணி அடித்தது. நோட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, யாரையும் கேட்காமல், கடைசி வகுப்புக்கு நடந்தாள்.