கதிரைகளை வெளியே போட்ட வீடு

துரைசாணியின் பங்களாச் சுவரில் அரிசி புடைக்கிற சுளகு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. வேலைக்காரி மறதியாக மாட்டிவிட்டாளோ என்று பெற்றிசியா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இல்லை. சுளகுக்கு இந்தப் பக்கம் ஒரு மீன்பறி, அந்தப் பக்கம், மாதாவே, ஒரு ஈர்க்கு விளக்குமாறு. அதுவும் புதிது இல்லை. யாரோ முற்றம் கூட்டிக் கூட்டிப் பாதியாய்த் தேய்த்த பழசு.

பெற்றிசியா மன்னார்க் கச்சேரி என்ற அரசாங்கக் கந்தோரின் தலைமைக் கிளாக்கர் அருட்பிரகாசத்தின் மனைவி. ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு தை மாதத்து ஞாயிறு ஒன்றில், அந்தக் கச்சேரியை ஆளும் வெள்ளைக்கார ஏசண்டுத் துரையின் மனைவி அவளைத் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தாள். கன்னியர் மடத்தில் படித்த நல்ல இங்கிலீஸ் பெற்றிசியாவிடம் இருந்தது. அதைவிட நன்றாகக் கேள்வி கேட்கும் வாய் இருந்தது. றெயில் எஞ்சின் ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, தெருவில் திரியும் கழுதைகள் மழைக்கு எங்கே ஒதுங்குகின்றன என்று அவள் ஊரில் கேட்காத ஆள் இல்லை. ஸ்டேசன் மாஸ்டர் அவளைத் தூரத்தில் கண்டாலே உள்ளே போய்விடுவார்.

அப்படிப்பட்டவளுக்கு அந்த வரவேற்பு ஹோல் பெருவிருந்தாக இருந்தது. போன துரையின் காலத்தில் அங்கே இருந்த சோபாக்களைக் காணவில்லை. தரை முழுக்கப் பனையோலைப் பாய். வாசலுக்கு மேலே மாட்டு நுகம். உரலுக்குள் பூங்கொத்து. கரி பிடித்த சோற்றுப் பானைகள் மூன்று, கழுவாமலே, சன்னலடியில் வரிசையாக. சுவரை மூடி ஒரு கிழிந்த வலை. கூரையிலிருந்து தூசி விழாமல் மேலே வெள்ளைத்துணி.

"சோபாவையெல்லாம் ஏன் எடுத்துவிட்டீர்கள்?" என்று பெற்றிசியா கேட்டாள்.

"இதுதான் நாட்டுப்புற அலங்காரம்," என்றாள் துரைசாணி. "லண்டனில் என் தங்கை தன் வரவேற்பறையில் குதிரைக்குத் தீனி போடும் தொட்டியை வைத்திருக்கிறாள். பார்க்கிறவர்கள் எல்லாம் பொறாமைப்படுகிறார்கள்."

பெற்றிசியா கரிப்பானையைப் பார்த்தாள். அதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பிடிபடாத எதையும் அவள் இலகுவில் விடுகிறவளும் இல்லை. பானை ஏன் கழுவாமல் இருக்கிறது, வலையை யாரிடம் வாங்கினீர்கள், மீன் நாற்றம் வராதா என்று வரிசையாகக் கேட்டாள். துரைசாணிக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதால், சொல்லக்கூடாத ஒன்றையும் சொல்லிவிட்டாள். துரைக்குக் கண்டிக்கு மாற்றம் வந்திருக்கிறது. தன்னோடு ஒரு கிளாக்கரைக் கூட்டிப்போக நினைக்கிறார். ஒன்று அருட்பிரகாசம், இல்லாவிட்டால் இரண்டாம் கிளாக்கர் இரத்தினம். இன்னும் முடிவாகவில்லை.

"புதன்கிழமை நாலு மணிக்கு நாங்கள் உங்கள் வீட்டுக்கு வருகிறோம்," என்றாள். "உண்மையான மன்னார் வீடு ஒன்றை எனக்குப் பார்க்க வேண்டும்."

கண்டி! அந்தச் சொல் பெற்றிசியாவை வீடுவரை நடக்கவிடவில்லை, ஓடவைத்தது. முப்பத்திரண்டு வயதில் அவள் கண்ட உலகம் கிட்டத்தில் அடம்பன், தூரத்தில் மடு மாதா திருவிழா. அவ்வளவுதான். மலை என்றால் எப்படி இருக்கும், அதில் எப்படி றெயில் ஏறும், குளிரில் வாயிலிருந்து புகை வருமாமே, அது உண்மைதானா? அவளுக்குப் போகத்தான் வேண்டும். இந்த ஒன்றை மட்டும் மாதா தரட்டும், வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்று நேர்ந்துகொண்டாள். அந்த நேர்த்தியை அவளால் காப்பாற்ற முடியாது என்று மாதாவுக்குத் தெரியாதா என்ன.

வீட்டுக்குள் நுழைந்து தன் ஹோலைப் பார்த்ததும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். சீதனமாக வந்த, சாய்ந்து உட்காரும் பிரம்புக் கதிரைகள் ஆறு, பளபளவென்று. கண்ணாடி பதித்த அலுமாரி. ஆளுயர நிலைக்கண்ணாடி. சட்டம் போட்ட அரசர் படம். இதைப் பார்க்கவா துரைசாணி வரப்போகிறாள்?

அருட்பிரகாசத்திடம் கேட்கலாமென்றால், அவர் அன்றிரவு நேரத்தோடு படுத்து, திங்கட்கிழமை விடியவே விளைச்சல் பார்க்க அடம்பனுக்குப் போய்விட்டார். போன கிழமை முழுவதும் காய்ச்சலில் கிடந்த மனிதர். போகவேண்டாம் என்று அயலே சொன்னது. அவர் கேட்கவில்லை. அதிகம் பேசாத ஆள். வந்து சாப்பிடுவார், பேப்பர் பார்ப்பார், படுப்பார்.

புதன் காலை பெற்றிசியா இரண்டு கூலியாட்களைப் பிடித்துக் கதிரைகளையும் அலுமாரியையும் முற்றத்து வேம்பின் கீழ் போடச் செய்தாள். நிலைக்கண்ணாடி அசையமாட்டேன் என்றது. அதைச் சுவர்ப் பக்கம் முகம் திருப்பி வைத்தாள். அரசர் படத்தைக் கழற்றினாள். தன் வெள்ளைப் படுக்கைவிரிப்புகளை எல்லாம் எடுத்து, பங்களாவில் கண்டபடியே கூரையின் கீழ் இழுத்துக் கட்டினாள். கடற்கரையில் யாரோ கைவிட்ட வலையைக் கொண்டுவந்து உதறியபோது காய்ந்த உப்பும் மண்ணும் கண்ணுக்குள் போய், இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்து நீர் வடிந்தது. அந்தக் கண்ணோடுதான் பக்கத்து வீட்டு எடித்திடம் பாய் இரவல் கேட்கப் போனாள்.

"எடித், எத்தினை பாய் இருந்தாலும் தா."

"எதுக்கடி இவ்வளவு பாய்? ஏன் கண் இப்பிடி?"

"இப்ப ஒண்டும் கேக்காதை. பிறகு சொல்லுறன்."

சொன்னால் எடித்தின் வாயிலிருந்து அரைமணி நேரத்தில் இரத்தினத்தின் பெண்சாதி கிறேஸுக்குப் போய்விடும், கிறேஸும் வலை தேடப் புறப்பட்டுவிடுவாள் என்பது பெற்றிசியாவின் கணக்கு. எடித் மறு பேச்சில்லாமல் எட்டுப் பாயைத் தூக்கிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வேலியால் எட்டிப் பார்த்தாள். மரத்தடியில் கதிரைகள். ஹோலில் வெள்ளை கட்டியிருக்கிறது. கண்ணாடி சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கிறது.

மன்னாரில் ஒரு வீட்டில் கதிரையை வெளியே போட்டு, பாய் விரித்து, வெள்ளை கட்டினால் அதற்கு ஒரேயொரு அர்த்தம்தான். பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பெற்றிசியாவுக்குத் தெரியாதா? தாய் தகப்பன் இருவரின் செத்தவீட்டிலும் அவள்தானே முன்னின்று பாய் விரித்தவள். ஆனால் ஞாயிறு மாலையிலிருந்து அவள் தன் வீட்டைத் துரைசாணியின் கண்ணால் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். துரைசாணியின் கண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

எடித் தலையில் சேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

மூன்று மணிக்கு பெற்றிசியா குசினியில் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது முன்பக்கம் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஹோல் நிறையப் பெண்கள். எடித் ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என்ர ராசாத்தி, உனக்கோ இப்பிடி வரவேணும்!" என்று குழறினாள்.

கழுத்தைக் கட்டி ஒருத்தி அழுதால் திருப்பிக் கட்டி அழவேண்டும். நடுவில் நிறுத்தி யார் செத்தது என்று கேட்பது அந்த ஊரில் மரியாதையில்லை. பெற்றிசியாவும் அழுதாள். அழுதபடியே யாராக இருக்கும் என்று யோசித்தாள். எடித்தின் புருசன் சிங்கராசா விடிய வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர், அவராகத்தான் இருக்கவேண்டும். ஐயோ பாவம் எடித் என்று இன்னும் பலமாக அழுதாள். அப்போது எடித்தின் தோளுக்கு மேலாக வேலிப் படலையைப் பார்த்தால், சிங்கராசா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நல்ல சுகமாக நிற்கிறார்.

அப்படியானால் யார்? பெற்றிசியாவுக்கு ஆவல் தாங்கவில்லை. ஒருத்தியை விட்டு இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு காதைத் தீட்டி வைத்துக் கேட்டாள். சுவரோரம் முன்பின் தெரியாத ஒரு முஸ்லிம் பெண் இருந்து அழுதாள். உம்மு ஸல்மா என்று பக்கத்தில் யாரோ கூப்பிட்டார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து வண்டில் கட்டி வந்தவளாம்.

"எங்கட ஊருக்குக் கிணறு தந்த மனிசன்!" என்று அவள் நெஞ்சில் அடித்தாள். "பிள்ளைகள் உப்புத்தண்ணி குடிச்சு வயித்தால போய்க் கிடக்கேக்க, நாலு தரம் பெட்டிசம் எழுதித் தந்தாரே கிளாக்கர் ஐயா! ஒவ்வொரு தரமும் சைக்கிள் உழக்கி வந்தாரே! எங்கட அருட்பிரகாசம் ஐயா!"

பெற்றிசியா அப்படியே பாயில் இருந்துவிட்டாள்.

அவள் ஒருவரிடமும் எதுவும் கேட்கவில்லை. மனைவிக்குக் கடைசியாகத்தானே சொல்வார்கள். அடம்பனிலிருந்து செய்தி வந்திருக்கிறது, ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது, அவள் குசினியில் நின்று கேக் வெட்டியிருக்கிறாள். காய்ச்சலோடு போன மனிதரை மறித்து வைக்காமல் கண்டியை நினைத்துக்கொண்டிருந்தேனே என்று தலையைப் பாயில் மோதினாள். மலையும் வேண்டாம், றெயிலும் வேண்டாம், அந்தப் படலையைத் திறந்துகொண்டு அவர் வந்தால் போதும். சுற்றிலும் பெண்கள் அழுதார்கள். படலைக்குள் சிங்கராசா, பிடிபட்டுப்போன தன் வள்ளத்தை மீட்டுத் தந்தது யார் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். அழுகைக்கு நடுவிலும் அது பெற்றிசியாவின் காதில் விழுந்தது. எந்த வள்ளம்? எந்தக் கிணறு? இவர்கள் யாரைப் பற்றிச் சொல்கிறார்கள்?

நாலு மணிக்குத் துரையின் கார் வந்து நின்றது.

துரைசாணி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "எவ்வளவு அழகான அறை! நான் தேடியது இதுதான்!" என்று சொல்லிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அழுகிற பெண்களுக்கு நடுவே பாயில் உட்கார்ந்துவிட்டாள். துரைக்கு நிலைமை கொஞ்சம் விளங்கியது. பரீட்சை பாஸ்பண்ணிய தமிழில் கேட்டார்:

"இங்கே மரணமடைந்தவர் யார்?"

"எங்கட கிளாக்கர் ஐயா, துரை," என்றார் சிங்கராசா.

"அருட்பிரகாசமா? அவரை இரண்டு மணிக்குக் கந்தோரில் கண்டேனே. அடம்பனிலிருந்து வந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தார்."

ஒப்பாரி ஒரேயடியாக நின்றது. பெற்றிசியா தலையை நிமிர்த்தினாள். துரை உம்மு ஸல்மாவுக்கு முன்னால் குந்தியிருந்து, அந்தக் கிணற்றின் கதையைத் திரும்பச் சொல்லும்படி கேட்டார். அவள் திணறித் திணறிச் சொன்னாள். பிறகு சிங்கராசாவை வள்ளத்தின் கதையைச் சொல்லச் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் தெருவில் சைக்கிள் மணி கேட்டது.

அருட்பிரகாசம் படலையில் இறங்கினார். மரத்தடியில் கதிரைகளைக் கண்டார், வெள்ளையைக் கண்டார், வாசல் நிறைந்த சனத்தைக் கண்டார். சைக்கிளைப் போட்டுவிட்டு, "பெற்றிசியா! ஐயோ பெற்றிசியா!" என்று கத்திக்கொண்டு, துரை நிற்பதையும் கவனிக்காமல் ஓடிவந்தார். ஒன்பது வருசத்தில் அந்த மனிதர் சத்தம் போட்டதை அவள் கேட்டதில்லை. எழும்பிப் போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

எல்லாம் விளங்கி எல்லோரும் சிரித்து முடிக்க நெடுநேரம் பிடித்தது. எடித்துக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கேக்கை அவள்தான் பங்கிட்டாள். துரை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அருட்பிரகாசத்தின் தோளைத் தட்டினார்.

"ஒருவரைத் தெரிவு செய்யத்தான் இன்றைக்கு வந்தேன். நீர் சிறந்த கிளாக்கர். ஆனால் உம்மைக் கண்டிக்குக் கொண்டுபோனால் இந்தச் சனங்கள் உண்மையாகவே அழுவார்கள். இரத்தினம் என்னோடு வரட்டும்."

சனம் கைதட்டியது. உம்மு ஸல்மா ஆண்டவனுக்கு நன்றி சொல்லிவிட்டு பெற்றிசியாவைக் கட்டிக்கொண்டாள். பெற்றிசியா அழுதாள். சந்தோசத்தில் அழுகிறாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பாதி உண்மைதான். மறுபாதி கண்டிக்காக அழுதது. முதலில் நேர்ந்த கண்டி கிடைக்கவில்லை, பிறகு கேட்ட மனிதர் கிடைத்துவிட்டார். போனவரைத் திருப்பித் தந்த மாதாவிடம் இதற்கு மேல் என்ன வழக்காடுவது?

ஆட்கள் போனபிறகு ஹோலில் அவர்கள் இருவரும் மட்டும் இருந்தார்கள். அருட்பிரகாசம் வெள்ளையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார். பெற்றிசியா பாய்களைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்தக் கிணத்துக் கதை, வள்ளத்துக் கதை, இதெல்லாம் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் விரிப்பின் மூலையை மற்ற மூலையோடு சேர்த்தார்.

"நீர் ஒருநாளும் கேக்கேல்லையே," என்றார். குறை சொல்கிற குரலே இல்லை அது.

அவளுக்கு முகம் சுட்டது. மடித்த விரிப்பை அவர் கையிலிருந்து வாங்கி ஒரு பக்கம் வைத்தாள். கடைசிப் பாயைத் திரும்ப விரித்து, அவரை இழுத்து இருத்தி, தானும் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப கேக்கிறன்," என்றாள். "முதல்லயிருந்து சொல்லுங்கோ."