மிஞ்சிய மூன்று பேர்

நுவரெலியா ஹோட்டல் ஒன்றுக்கு அறை ஒதுக்கும் மென்பொருளைச் சுலக்ஷனா எழுதியது போன வருஷம். விதிகளைச் சொல்லிக் கொடுத்தால் போதும். யாருக்கு எந்த அறை என்று அதுவே யோசித்து, இடித்தால் மாற்றிப் போட்டு, ஒருவழியாக முடித்துவிடும். அதையேதான் இப்போது மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் வீட்டுத் திட்டத்துக்கு எடுத்துப் போட்டாள். மண் சரியும் என்று சொல்லப்பட்ட லயத்தில், தொழிலாளர்களின் பழைய வரிசை வீடுகளில், நாற்பத்து மூன்று குடும்பங்கள். கட்டி முடித்த வீடுகள் நாற்பது. அறை இருந்த இடத்தில் வீடு, விருந்தினர் இருந்த இடத்தில் குடும்பம், யோசிக்கிற முறை மட்டும் பழையது. புதிதாக எழுத யாருக்குத் தெம்பு இருக்கிறது? மூன்று வாரமாக அவள் சரியாகத் தூங்கவில்லை.

பட்டியல் வந்தது. நாற்பது குடும்பங்களுக்கு வீட்டு எண். தனியாக வாழும் மூன்று பேருக்கு மட்டும் ஒரு வரி: "அருகிலுள்ள விடுதிக்கு அனுப்பவும்."

சுலக்ஷனா ஹோட்டலுக்கு எழுதிய விதிகளைத் திறந்து பார்த்தாள். பெரிய கூட்டத்துக்கு முதலில் இடம், ஒற்றை ஆளுக்குக் கடைசியில், மிஞ்சினால் வேறு ஹோட்டல். பெயர்களை மாற்றினாளே ஒழிய, உள்ளே இருந்த இந்த நினைப்பை அவள் தொடவேயில்லை.

திட்டப் பொறுப்பாளர் திலக்ஷன் சலித்துக்கொண்டார். "அந்த வரிய மட்டும் எடுத்துருங்க மிஸ். பிறகு பாக்கலாம்னு போடுங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. வீடு போதாவிட்டால் பட்டியலே தராமல் நின்றுவிடும்படி எழுதிவிட்டாள். இன்னும் மூன்று வீடு வேண்டும் என்று மட்டும் திரை சொன்னது. திலக்ஷன் லயத்துக்கே போய், தனியாள் மூன்று பேருக்கும் வீடு கட்டும்வரை யாருக்கும் சாவி இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் ராசம்மா கொழுந்து பறிக்கப் போகாமல் அலுவலகத்துக்கு வந்தாள். மிஞ்சிய மூன்று பேரில் அவள் ஒருத்தி.

"நீங்கதான் நிப்பாட்டுனீங்களாமே?"

"உங்களுக்காகத்தாம்மா."

"பீலியில தண்ணி புடிக்கப் போனா ஒருத்தியும் பேச மாட்டேங்குறா. என்னாலதான் புள்ளகுட்டியோட வெடிச்ச செவருக்குள்ள கெடக்காங்களாம். பழைய பட்டியலையே போட்டுருங்க தாயி. நான் ஒத்த ஆளு."

சுலக்ஷனாவுக்கு அவமானமாக இருந்தது. பழைய முறையைத் திரும்பப் போட்டாள். பட்டியல் வர ஒரு நொடிகூட ஆகவில்லை.

"எல்லாருக்கும் வீடு வந்துருச்சா?"

"நாப்பது குடும்பத்துக்கு வந்துருச்சும்மா."

"அப்ப சரி," என்று ராசம்மா எழுந்தாள். "நானே போயி லயத்துல சொல்லிடுறேன். அப்பவாச்சும் பேசுவாளுக."