இரண்டாவது படிக்கட்டு

அந்த டாக்டரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் கறாரம்மா என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே இல்லை, முதுகுக்குப் பின்னால். அவருக்கும் அது தெரியும். காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்வார். மாலையில் இரண்டு தெரு தள்ளி, அண்ணனோடு சேர்ந்து கட்டிய சொந்த நர்சிங் ஹோம். நேரம் தவறி வருபவர்களை நிற்கவைத்துத் திட்டுவார். திட்டிவிட்டு, கடைசி ஆளையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் ஐந்து வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவளுடைய சிறுநீரகத்தில் இருந்த கட்டியை எட்டு மாதத்துக்கு முன் டாக்டர்தான் எடுத்திருந்தார். இப்போது அது நுரையீரல் வரை பரவியிருந்தது.

"ஆபரேஷனுக்கு அப்புறம் ஆறு மாசம் மருந்து ஏத்தணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கம்மா."

"எத்தனை தடவை வந்தீங்க?"

"மூணு."

"பிள்ளை உசுரு உங்களுக்கு விளையாட்டாப் போச்சா?"

அவர் கோபப்படவில்லை. "மருந்து ஏத்தின கையோட ஊருக்குப் போக முடியலைம்மா. பஸ்ல வழியெல்லாம் வாந்தி. வார்டுல இடமில்லைன்னு அனுப்பிடறாங்க. அதான் ரெண்டு நாள் மாடிப்படிக்குக் கீழ படுத்தோம். மூணாவது நாள் வாட்ச்மேன் எழுப்பி விட்டுட்டார். வெளியே மழை. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. இனிமே பிள்ளையை அலைக்கழிக்க வேணாம்னு எங்க வீட்டுல சொல்லிட்டா."

பதினோரு நாள் கழித்து அந்தக் குழந்தை இறந்துபோனாள்.

டாக்டர் மூன்று வருடத்துக் கோப்புகளை எடுத்துவரச் சொன்னார். பாதியில் சிகிச்சையை நிறுத்தியவர்கள் மட்டும் இருபத்தேழு பேர். அவரோடு பத்தொன்பது வருடமாக இருக்கும் தலைமை நர்ஸ் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பேசினார். சில எண்கள் உபயோகத்தில் இல்லை. சில குழந்தைகள் உயிரோடு இல்லை. பேசக் கிடைத்தவர்களில் பதினான்கு பேர் ஒரே பதிலை வேறுவேறு வார்த்தையில் சொன்னார்கள்: தங்க இடமில்லை.

"நான் வெட்டினதுல ஒரு குறை இல்லை சிஸ்டர். தையல் அவ்வளவு சுத்தம்," என்றார் டாக்டர். "என்ன பிரயோஜனம்?"

அடுத்த வாரமே, நர்சிங் ஹோமை மூடிவிட்டு அதில் மருந்து ஏற்ற வரும் குடும்பங்களைத் தங்கவைக்கப்போவதாக அண்ணனிடம் போய்ச் சொன்னார்.

"உனக்கு மூளை கீளை குழம்பிப் போச்சா?" என்றார் அண்ணன். "இருபத்திரண்டு வருஷம் ராத்திரி பகல் பாக்காம உழைச்சு உண்டாக்கினது. அதைச் சத்திரமாக்கப் போறியா?"

"ஆமாண்ணே. பெரிய ஆஸ்பத்திரி வேலையை விடலை. அது போதும் எனக்கு."

"அதுல பாதி என்னோடது. ஞாபகம் இருக்கா?"

"அந்தப் பாதியைக் கேக்கத்தான் வந்திருக்கேன்."

அண்ணன் இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் கையெழுத்துப் போட்ட பத்திரத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

பதினெட்டு அறைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டில், ஜன்னலுக்குக் கொசுவலை. கீழே ஆறு அடுப்புள்ள பொதுச் சமையலறை. மருந்து ஏறிய பிள்ளைக்கு வாய் கசக்கும். அம்மா கையால் கொடுத்தால் இரண்டு வாயாவது இறங்கும் என்று நர்ஸ் அடித்துச் சொன்னதால் வந்தது அது.

திறக்கும் முன்பே தெருக்காரர்கள் மனு எழுதிவிட்டார்கள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்தான் முன்னின்றார். டாக்டர் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

"தப்பா நினைக்காதீங்க டாக்டர். எங்க பேரப்பிள்ளைங்க விளையாடுற தெரு. நோய் தொத்திக்கிட்டா என்ன பண்றது?"

"சார், புற்றுநோய் தொத்தாது. ஆனா உங்க சளியும் இருமலும் அந்தப் பிள்ளைங்களுக்குத் தொத்தும். அவங்க உடம்புல எதிர்க்கத் தெம்பே இருக்காது. நியாயமாப் பார்த்தா மனு போட வேண்டியவங்க அவங்கதான்."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. மனு நகராட்சிக்குப் போய்ச் சேர்ந்தது.

நகராட்சி அதிகாரி கட்டட வரைபடத்தை விரித்துப் பார்த்தார். "மேடம், மாடியில குடும்பங்க தங்கணும்னா ரெண்டாவது படிக்கட்டு வேணும். தீப்பிடிச்சா எப்படி இறங்குவாங்க?"

டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முட்டுக்கட்டை போட ஒரு சாக்கு என்று நினைத்தார். திரும்பி வந்து மாடியில் நின்று பார்த்தார். ஒரே ஒரு குறுகிய படி. புகைக்கு நடுவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அத்தனை அம்மாக்களும் அதில் முண்டியடிப்பதை நினைத்துப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது. அந்த மனிதர் சொன்னது சரிதான்.

மேஸ்திரி நாடாவைப் பிடித்துக்கொண்டு கட்டடம் முழுக்க அளந்தார். கடைசியில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"வேற வழியே இல்லைம்மா. இந்தச் சுவரை இடிச்சாத்தான் படி இறங்கும்."

அங்கே பதித்திருந்த ஒவ்வொரு டைல்ஸையும் டாக்டர்தான் கடையில் நின்று பொறுக்கியிருந்தார். நர்ஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"லைட்டையும் மேஜையையும் கழட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துடுங்க," என்றார் டாக்டர். "மேஸ்திரி, நாளைக்குக் காலைல கடப்பாரையோட வாங்க."

அவர்கள் போனபின் பழக்க தோஷத்தில், ஆபரேஷனுக்கு முன் செய்வதுபோல், குழாயைத் திறந்து முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தார். பாதியில்தான் உறைத்தது. கழுவி முடித்து, துடைத்துக்கொண்டு, கதவைச் சாத்தினார்.

ஏழு வாரத்தில் படிக்கட்டு இறங்கியது, ஸ்ட்ரெச்சர் திரும்பும் அகலத்தில். அதிகாரி தானே இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எதிர்வீட்டுத் தலைமையாசிரியர் கடைசி வரை உள்ளே வரவில்லை. ஆனால் பேரனுக்கு மூக்கு ஒழுகினால், "அந்தக் கேட்டுப் பக்கம் போகாதே, அங்க சின்னப் பிள்ளைங்க இருக்கு" என்று அவர் அதட்டுவது தெருவுக்கே கேட்கும்.

முதல் வருடம் அறுபத்திரண்டு குழந்தைகள் தங்கினார்கள். பாதியில் நின்றவர்கள் நான்கே பேர். நர்ஸ் அதைச் சந்தோஷமாகச் சொன்னார்.

"நாலு பேரோட விலாசமும் எடுங்க," என்றார் டாக்டர்.

சனிக்கிழமை காலை வேனில் கிளம்பி, ஐந்து மணி நேரம் போய், முதல் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கதவைத் திறந்த அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கான் டாக்டர். முடி கூட வளந்துடுச்சு பாருங்க. இன்னும் எதுக்கு மருந்து?"

"உள்ள மிச்சம் இருக்கறது கண்ணுக்குத் தெரியாதும்மா. இன்னும் ரெண்டே ரெண்டு தடவை."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "மாமியார் படுத்த படுக்கையா கிடக்காங்க. இவன் அப்பா வேலைக்குப் போயிடுவார். நானும் வந்துட்டா அவங்களை யார் பாக்கறது?"

டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கட்டிலில் கிடந்தவரின் நாடியைப் பிடித்துப் பார்த்தார், முதுகைத் திருப்பிப் புண் இருக்கிறதா என்று பார்த்தார்.

"நீங்களும் வாங்கம்மா," என்றார். "கீழ் ரூம் ஒண்ணு காலியா இருக்கு."

"நான் எதுக்கு? போற காலத்துல நான் ஊர் சுத்தணுமா?" என்றார் மாமியார்.

"பேரனுக்குத் துணைக்கு."

ஒரு மணி நேரத்தில் வேன் கிளம்பியது. நடுச் சீட்டில் மாமியார் படுத்திருந்தார், அவர் காலடியில் மருமகளும் பேரனும். பின்சீட்டில் நர்ஸ் அடுத்த விலாசத்தைத் தேடிக்கொண்டிருந்தார். டிரைவர் பக்கத்தில், மடியில் துணிமூட்டையோடு டாக்டர்.

"கொஞ்சம் வேகமாப் போப்பா," என்றார். "இன்னும் மூணு வீடு இருக்கு."