பைப்பிங் வைத்த பலகை

தையல்காரிக்கு உடும்புப்பிடி. ஒன்றை நினைத்துவிட்டால் முடிக்கிறவரை சோறு தண்ணி இறங்காது. இப்போது அவள் பிடித்திருந்தது சொந்தப் புருஷனை. மனுஷன் சின்ன வயசிலிருந்தே கடல் அலையில் பலகை போட்டுச் சறுக்கினவர். கண் மங்கத் தொடங்கியதும், வெள்ளைப் பலகையில் எங்கே கால் வைப்பதென்று தெரியாமல் குப்புற விழுந்தார். அதோடு பலகையை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். "கடலும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்பார். இப்படியே விட்டால் ஆளே நமக்கு இல்லாமல் போய்விடுவார் என்று அவள் பயந்தாள்.

அதனால் வீட்டு ஷெட்டிலேயே புதுப் பலகை செய்ய இறங்கினாள். கூரைக்கடியில் சூடு தாங்க ஒட்டுவார்களே, அந்த நீல ஃபோமை மெக்கானிக் கொழுந்தன் அறுத்து, இழைத்து, வடிவத்துக்குக் கொண்டுவந்தான். துணி வேலை அவள் பொறுப்பு. கால் வைக்கிற ரெண்டு இடத்திலும் பளீரென்று மஞ்சள் பருத்தித் துணி, அதன்மேல் ஃபைபர் துணி. எல்லாம் ரெசின் என்கிற பிசினில் ஊறிக் கண்ணாடி மாதிரி இறுகிவிடும்.

"மங்கின கண்ணுக்கும் மஞ்சள் தெரியும்ல?" என்று கேட்டாள்.

"தெரியும், தெரியும்" என்றார் புருஷன், சோபாவிலிருந்தே.

துணி ஒட்டுகிற அன்று அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள். கொழுந்தன் ரெசினைக் கலக்கிக் கொடுத்தான். "இனி நின்னு பேச நேரமில்ல அண்ணி, இறுகிரும்."

மஞ்சள் துணியை விரித்து, ரெசினை ஊற்றி, ரப்பர் தகட்டால் இழுத்தாள். துணி நனைய நனைய, அடியில் இருந்த நீலம் மேலே எட்டிப் பார்த்தது. அட கடவுளே! மஞ்சள் போயே போச்சு. பாசி பிடித்த தொட்டி மாதிரி ஒரு பச்சை. கொழுந்தன் அலறுவதற்கு வாயைத் திறந்தான்.

அதற்குள் ஸ்டூலிலிருந்து குரல் வந்தது. "அடேங்கப்பா! மஞ்சள் என்னமா பளிச்சுன்னு இருக்கு!"

கொழுந்தன் வாயை மூடிக்கொண்டான். தையல்காரி கையில் தகட்டோடு அப்படியே நின்றாள். கண் மங்கவில்லை, சுத்தமாகப் போய்விட்டது. எத்தனை நாளாகவோ! தன் மனசு நோகக் கூடாதென்று இந்த மனுஷன் வாய் கூசாமல் மஞ்சள் என்கிறார். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும். ஆனால் ரெசின் யாருக்காகவும் காத்திருக்காது. அழுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தையல் அறைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் பைப்பிங் கயிறு இருந்தது. மெத்தை உறை ஓரத்தில் உள்ளே வைத்துத் தைப்பாளே, அந்தக் கயிறு.

"அண்ணி, இதை வச்சா மேடு விழும்" என்று கொழுந்தன் அவள் காதில் கிசுகிசுத்தான். "பலகைன்னா வழவழன்னு இருக்கணும். காத்து வேற அடைச்சுக்கும்."

"மேடுதான் தம்பி வேணும். காத்தை நான் பாத்துக்கறேன். நீ ஓரத்தைத் தூக்கிப் பிடி."

"அங்க என்னடா குசுகுசுன்னு?" என்றார் புருஷன்.

"ம், உங்களுக்குப் பொண்ணு பாக்கறோம். சும்மா உக்காருங்க!"

துணியின் ஓரத்துக்கடியில் கயிற்றைச் செருகி, இருபக்கமும் கட்டைவிரலால் அழுத்தி, குமிழ் குமிழாகக் காற்றை வெளியே தள்ளினாள். கையுறைக்குள் விரல் வலித்தது. விடவில்லை. ஃபைபர் துணியைப் போர்த்தி முடித்தபோது கிண்ணத்தில் மிச்ச ரெசின் சூடேறிக் கட்டியாகிக்கொண்டிருந்தது.

பலகை நன்றாக இறுகி, தேய்த்து முடித்த பிறகு, தரையில் பழைய மெத்தை போட்டு அதன்மேல் வைத்தாள். "செருப்பைக் கழட்டுங்க. ஏறுங்க."

அவர் முனகிக்கொண்டே ஏறினார். கால் தடவிக்கொண்டு போய் மேட்டில் முட்டி நின்றது. இன்னொரு கால் தானாகப் பின்னால் போய் அடுத்த மேட்டைக் கண்டுபிடித்தது. முழங்கால் தானே மடங்கியது. கை ரெண்டும் விரிந்தன.

"மஞ்சள் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா..." என்று இழுத்தார்.

"பச்சைங்க அது. நனைஞ்ச உடனேயே பச்சையாயிருச்சு."

அவர் தலை குனிந்தது. ஆனால் பலகையிலிருந்து இறங்கவில்லை. கால் கட்டைவிரல் அந்த மேட்டை ஒருமுறை மெதுவாக வருடியது.

"நாளைக்கு அலை எப்படின்னு தம்பிய விசாரிக்கச் சொல்லு" என்றார். "பக்கத்துலயே நீந்தி வரணும்னும் சொல்லு."

தையல்காரி சரியென்று தலையாட்டினாள். அது அவருக்குத் தெரியாதே என்று உறைத்ததும், "சரிங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள். அப்புறம்தான் அழுதாள்.