அந்துப்பூச்சி விசாரணை

சமையலறையில் அந்துப்பூச்சி பறக்கத் தொடங்கியதும் அவள் முதலில் தேடியது குற்றவாளியை. பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவள். ஊரார் எழுத்தில் ஓர் ஒற்று விட்டுப்போனாலும் கண்ணில் தூசி விழுந்ததுபோல் உறுத்தும். அவள் வீட்டு மாவில் புழு நெளிவதா?

முதல் சந்தேகம் கணவன்மேல். பிஸ்கட்டை நடந்துகொண்டே தின்கிற மனிதர். இனிமேல் பால்கனியில் நின்று தின்னும்படி உத்தரவாயிற்று. அவரும் சாரலில் நனைந்தபடி, தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தின்றார். அடுத்து மளிகைக்கடைக்காரர். மாவுப் பொட்டலத்தை அவர்முன் வைத்து, மற்றவர்கள் பார்க்க, குரலை உயர்த்தாமல், மரியாதையாக, மனம் நோகும்படி பேசிவிட்டு வந்தாள்.

பிறகு மாவு, ரவை, பருப்பு எல்லாவற்றையும் கொட்டி, அலமாரியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, இடுக்குகளை ஊசியால் கிண்டிக் காயவைத்தாள். அடுத்த வாரமே ஒன்று விளக்கைச் சுற்றியது. பூச்சி போகாவிட்டாலும் பரவாயில்லை, தப்பு தன்னுடையதாக மட்டும் இருந்துவிடக் கூடாது. அவள் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

மறுபடி அலமாரியைக் காலி செய்தபோது, கண்ணாடி ஜாடியை வழக்கம்போல் முதலில் எடுத்துத் துடைத்தாள். ஆளிவிதையும் பூசணிவிதையும் ஓட்ஸும். பழைய சட்டையின் பொத்தான் எட்டாத நாளில் வாங்கியவை. விடியலில் எழுந்து, நடந்து, விதை மென்று, மெலிந்து, யாரிடமும் சிடுசிடுக்காமல் வாழப்போகிற ஒருத்திக்காக, நாளைய தனக்காக. அந்த ஒருத்தி இன்னும் வந்துசேரவில்லை. ஆனாலும் அவளுடைய உடைமையைச் சந்தேகப்படலாமா? ஒவ்வொரு துப்புரவிலும் வெளிப்புறத்தைத் துடைத்து, திறக்காமலே பத்திரமாகத் திருப்பி வைத்திருந்தாள்.

இன்று ஜன்னல் வெளிச்சத்தில் விதைகள் அசைந்தன. நூல் கட்டி, கொத்துக்கொத்தாகத் தொங்கின. மூடி சரியாகப் பொருந்தவில்லை. உள்ளே ஒரு குடும்பமே சுகமாக இருந்தது.

சத்தமில்லாமல் பையில் கட்டி வாசல்வரை வந்துவிட்டாள். கணவர் நின்றிருந்தார். பையைப் பார்த்தார்.

“இப்பவாவது எடுத்தியே.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“ரொம்ப நாளாத் தெரியும்.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா புதுசா வாங்கி எனக்கும் ஊட்டுவ. அதுக்கு பால்கனியே தேவலைன்னு இருந்துட்டேன்.”

தெரிந்தும் சொல்லாதது எவ்வளவு பெரிய குற்றம் என்று விளக்க, ஒற்றுப்பிழையில்லாத வாக்கியம் ஒன்று அவளுக்குள் தயாராகிவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, கடைக்காரரிடம் அவரே போய்ச் சொல்லிவிட்டு வரக்கூடாதா என்று கேட்டுப் பார்த்தாள்.

“அங்க பேசினது நீதானேம்மா,” என்றார்.

தெருமுனை வருவதற்குள் மன்னிப்பு வாசகத்தைப் பலமுறை திருத்தினாள். ஒவ்வொரு திருத்தத்திலும் பழி கொஞ்சம் கொஞ்சமாக மழைக்காலத்தின் தலைக்குப் போனது. கடையில் கூட்டம். இவர்கள் போகட்டும் என்று ஓரமாக நின்றாள். போனார்கள், வேறு ஆட்கள் வந்தார்கள். நின்றால் சாயங்காலம்வரை வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

“அண்ணே,” என்றாள். நினைத்ததைவிடக் குரல் பலமாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். “உங்க மாவு நல்ல மாவுதான். புழு என் வீட்டுது.”